திங்கட்கிழமை ஆறு மணி ஓட்டம்

கோலாலம்பூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் மெர்டேக்கா சதுக்கத்தைத் தவறவிடுவதில்லை. பத்துமலையில் முருகனைக் கும்பிட்டு, இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் கழுத்து வலிக்க அண்ணாந்து போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்ததாக வந்து இறங்கும் இடம் அது. ஒரு பக்கம் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1897இல் கட்டி முடித்தது. கடிகாரக் கோபுரமும் செப்புக் குவிமாடங்களுமாக நிற்கிறது. நடுவில் பரந்த புல்வெளி. 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி கீழே இறங்கியது இங்கேதான். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் பதித்தாற்போல் ஒரு நீளமான ஆங்கிலேயர் காலத்துக் கட்டடம். ராயல் சிலாங்கூர் கிளப்.

கிளப்புக்குப் பக்கத்தில் வாகனங்கள் சீறிக்கொண்டு போகும் சாலை இருக்கிறது. அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. தாரைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? ஆனால் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் ஒரு கூட்டத்துக்கு அந்த இடம்தான் மூலஸ்தானம். 1960களின் நடுவில் சாலைக்காக இடிக்கப்படும்வரை அந்தப் பகுதியில் ஒரு கட்டடம் இருந்தது. கல்யாணமாகாத வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் தங்கி, சாப்பிட்டுக் கொண்டிருந்த விடுதி. அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஹாஷ் ஹவுஸ்'.

இன்று பூமியில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் கிளைவிட்டிருக்கும் 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்ற ஓட்டக் கிளப் 1938இல் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் பிறந்தது.

ஹாஷ் என்றால் இறைச்சியைக் கொத்தி, உருளைக்கிழங்கோடு போட்டுக் கிளறியது. நேற்று மிஞ்சியதை இன்று வேறு பெயரில் பரிமாறுவது என்றும் சொல்லலாம். மட்டமான சாப்பாட்டுக் கடையை ஆங்கிலத்தில் கேலியாக அப்படிக் குறிப்பிடுவார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் வருடக்கணக்கில் தங்கி மெஸ் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அதே சாம்பார், அதே பொரியல், அதே சலிப்பு. ஆனாலும் அந்த மேசையில் கிடைத்த நண்பர்கள்தான் கடைசிவரை கூட வருவார்கள். கோலாலம்பூர் மேசையும் அப்படிப்பட்டதுதான்.

அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த இளைஞர்கள். கணக்கு, வியாபாரம், அரசாங்க வேலை என்று வந்தவர்கள். முதல் ஒப்பந்தக் காலம் முடியும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று பல கம்பெனிகள் அவர்களுக்கு நிபந்தனை போட்டிருந்த காலம். சனி, ஞாயிறு முழுக்கக் குடி. திங்கட்கிழமை காலையில் தலை பாறாங்கல்லாகக் கனக்கும். திங்கள் மாலையில் ஓடி வியர்த்தால் உடம்பு தெளியும் என்று யோசனை சொன்னவர் ஆல்பர்ட் ஸ்டீபன் இக்னேஷியஸ் கிஸ்பர்ட்.

கிஸ்பர்ட் லண்டனில் பிறந்தவர், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். நண்பர்களுக்கு வெறும் 'ஜி'. ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டத்தைவிட ஓட்டம் முடிந்தபின் கிடைக்கும் தாகசாந்தியில்தான் அவருக்கு அக்கறை அதிகம் என்று கூட இருந்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். முன்பு மலாக்காவில் வேலை பார்த்தபோது அங்கிருந்த ஒரு ஓட்டக் குழுவில் சேர்ந்து அந்த விளையாட்டைப் பழகியிருந்தார். கோலாலம்பூருக்கு வந்ததும் அதையே இங்கும் தொடங்கலாம் என்றார். செசில் லீ, எரிக் கால்வின், 'ஹார்ஸ்' என்று அழைக்கப்பட்ட ஃபிரெடரிக் தாம்சன் போன்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஊரிலிருந்து விடுமுறை முடிந்து திரும்பிய 'டார்ச்' பென்னட் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தார். வந்தவுடன் வங்கிக் கணக்கு, வரவு செலவு அறிக்கை என்று ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தது அவர்தான். எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் தேவைப்படுகிறார்.

பெயர் என்ன வைப்பது? ஹாரியர் என்பது முயலைத் துரத்தும் ஒரு வேட்டை நாய் இனம். முயல்-நாய் ஓட்டம் ஆடும் கிளப்களுக்கு இங்கிலாந்தில் அந்தப் பெயர் வழக்கம். முன்னால் விடுதியின் கேலிப் பெயரை ஒட்டிவிடலாம் என்று கிஸ்பர்ட் சொன்னார். தமிழில் ஏறக்குறைய 'மெஸ் வேட்டைநாய்கள்' என்று பொருள் வரும். உலகப் புகழ் பெறப்போகிற பெயர் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

முயலும் நாய்களும்

அந்த விளையாட்டு இதுதான். முயல் என்று பெயர் சூட்டப்பட்ட ஒருவரோ இருவரோ முன்னதாகப் போய், காட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே ஒரு தடம் அமைப்பார்கள். மற்றவர்கள் நாய்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துத் துரத்த வேண்டும். இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் பையன்கள் 1800களிலேயே ஆடிய ஆட்டம் இது. லண்டன் பக்கத்தில் 'தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்' என்ற கிளப் 1868இலேயே இதற்காகத் தொடங்கிவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முயல் போடும் தடம் நேராகப் போகாது. திடீரென்று ஓரிடத்தில் காகிதம் நின்றுவிடும். அங்கிருந்து நாலு திசையிலும் தேட வேண்டும். ஒரு பக்கம் காகிதம் தெரியும். ஐம்பதடி, நூறடி ஓடியபின் அது பொய்த்தடம் என்று புரியும். திரும்பி வர வேண்டும். வேகமாக ஓடுகிறவர்கள் இப்படி முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும்போது, தொப்பையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வருகிறவரும் வந்து சேர்ந்துவிடுவார். சரியான தடத்தைக் கண்டவர் 'ஆன் ஆன்!' என்று கத்துவார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பும். நேற்றுவரை கடைசியில் வந்தவர், இப்போது தற்செயலாகச் சரியான பக்கம் நின்றதால், முதல் ஆளாக ஓடுவார்.

அதனால் இதில் ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. நேரம் குறிப்பதில்லை, பதக்கம் கிடையாது. கெட்டிக்கார முயலின் வேலை, வேகமானவரையும் மெதுவானவரையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடிவிடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. ஓட்டத்தில் ஆர்வமே இல்லாத ஒரு கணக்காளர் இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பது இதிலேயே தெரிகிறது. வேறு எந்தப் பந்தயத்திலும் அவர் கடைசிதான்.

ஓடி முடித்தவர்களுக்குத் தகரத் தொட்டி ஒன்றில் குளிரவைத்த பீரும் இஞ்சி பீரும் காத்திருக்கும். அந்தத் தொட்டியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதையில் அது மறுபடியும் வருகிறது.

பால்மரக் காட்டுக்குள்

அவர்கள் ஓடிய இடங்கள் எவை? அன்றைய கோலாலம்பூரைவிட்டு ஒன்றிரண்டு மைல் வெளியே வந்தாலே ரப்பர் தோட்டங்கள், ஈயம் தோண்டி விட்ட குட்டைகள், மலாய்க் கம்பங்கள், அதற்கு அப்பால் காடு. ரப்பர் தோட்டம் என்றால் அங்கே இருந்தவர்கள் யார் என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு என்று பல ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் லயங்கள் அந்தத் தோட்டங்களுக்குள்ளேதான் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பேர் கொடுத்து, இருட்டிலேயே பால் வெட்டப் போனவர்கள், மாலையில் அடுப்பு மூட்டும் நேரத்தில், அரைக்கால் சட்டை போட்ட துரைமார் கூட்டம் ஒன்று காகிதத்தைத் தேடிக்கொண்டு கூச்சலிட்டபடி மரங்களுக்கு நடுவே ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். என்ன நினைத்திருப்பார்கள்?

1938 என்ற வருடத்துக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. தோட்டக் கூலியைக் குறைத்துக்கொண்டே போனதால், மலாயாவுக்குக் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது அந்த வருடத்தில்தான். ஒரே மரங்களின் நிழலில் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒன்றுக்குத் திங்கட்கிழமை விளையாட்டு நாள். மற்றதற்கு வாரத்தின் முதல் பெரட்டு. கிளப்பின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. தோட்டத்து மண்ணில்தான் அந்தத் தடங்கள் போடப்பட்டன என்பதால் தொடாமல் போவது நியாயமாகப் படவில்லை.

போர் வருவதற்குள் 117 ஓட்டங்கள் முடிந்திருந்தன.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தபாருவில் இறங்கியது. கிஸ்பர்ட் அப்போது மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஆஸ்திரேலியாவில் விடுமுறையில் இருந்தார். அங்கேயே இருந்திருக்கலாம். அவசரமாகத் திரும்பி வந்தார். 'ஆர்கைல் அண்ட் சதர்லாந்து ஹைலாண்டர்ஸ்' என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவோடு சேர்ந்து, மலாயாவிலிருந்து பின்வாங்கிச் சிங்கப்பூரில் சண்டையிட்டார். 1942 பிப்ரவரி 11ஆம் தேதி, புக்கிட் தீமா பக்கத்தில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38. நாலே நாளில் சிங்கப்பூர் வீழ்ந்தது.

தோட்டங்களும் தப்பவில்லை. சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பாதை ஓரத்திலேயே புதைந்தார்கள். பால்மரக் காட்டில் திங்கட்கிழமைக் கூச்சலும் இல்லை. அதைப் பார்த்து நின்ற பலரும் இல்லை.

ஒரு தகரத் தொட்டி, சில குவளைகள், இரண்டு பழைய பைகள்

போர் முடிந்தது. பிழைத்தவர்கள் ஒருவர் ஒருவராகக் கோலாலம்பூருக்குத் திரும்பினார்கள். எங்கும் இழப்பு. போரில் சொத்து போனவர்கள் நஷ்டஈடு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. வீடு, கடை, தோட்டம், சுரங்கம் என்று மனுக்கள் குவிந்த காலத்தில், வங்கிக் கணக்குக்காரர் டார்ச் பென்னட்டும் ஒரு மனு போட்டார். தொலைந்துபோன கிளப் சொத்துகள் என்று அவர் எழுதியது: ஒரு தகரத் தொட்டி, பீர்க் குவளைகள், இரண்டு பழைய பைகள்.

இதைப் படித்தால் முதலில் சிரிப்பு வரும். யோசித்தால் வேறு ஏதோ தோன்றும். கிளப்பைத் தொடங்கியவர் சிங்கப்பூரில் மண்ணாகிவிட்டார். நண்பனுக்கு நஷ்டஈடு கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. தொட்டிக்குக் கேட்கலாம்.

1946 ஆகஸ்டில் மறுபடியும் ஓடினார்கள். காட்டுக்குள் போகவில்லை. குதிரைப் பந்தய மைதானத்தைச் சுற்றி ஒரு மெதுவோட்டம், அவ்வளவுதான். அம்பாங் சாலையில் இருந்த அந்தப் பந்தய மைதானம் பிறகு ஊருக்கு வெளியே மாற்றப்பட்டது. காலியான இடத்தில் எழுந்தவைதான் 452 மீட்டர் உயரத்தில் நிற்கும் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து போட்டோ எடுக்கிறார்களே, அதே இடம்.

இரண்டு வருடம்கூட நிம்மதியாக ஓட முடியவில்லை. 1948இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் மோதல் வெடித்து அவசரகாலச் சட்டம் வந்தது. 12 வருடம் நீடித்த மோதல் அது. ஊரடங்கு, சோதனைச் சாவடி, முள்வேலி. காட்டோரத்தில் மாலை இருட்டில் கூட்டமாக ஓடுவதற்கு அதைவிட மோசமான காலம் இருக்க முடியாது. ஆனாலும் ஓடினார்கள். செராஸ் பக்கத்தில் ஒருமுறை காகிதத் தடத்தைத் தேடிப் போனவர்கள், ஆயுதத்தோடு இருந்த கெரில்லாக்கள் சிலரிடமே போய் முட்டிக்கொண்டார்கள். அந்தக் கதை இன்றும் கிளப்பில் சொல்லப்படுகிறது.

கூட்டம் கூடினாலே சந்தேகம் என்ற நிலையில், சங்கப் பதிவாளரிடம் முறையாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 1950ஆம் வருடத்து ஆவணத்தில் கிளப்பின் நோக்கங்கள் நாலு சொல்லப்பட்டிருக்கின்றன. உறுப்பினர்களின் உடல்நலத்தை வளர்ப்பது முதலாவது. இது வழக்கமானது. வாரக் கடைசியில் ஏறிய போதையின் மிச்சத்தை இறக்குவது இரண்டாவது. நன்றாகத் தாகம் எடுக்கவைத்து, அதை பீரால் தணிப்பது மூன்றாவது. வயதான உறுப்பினர்களிடம், அவர்கள் நினைக்கிற அளவுக்கு அவர்களுக்கு வயதாகிவிடவில்லை என்று நம்பவைப்பது நாலாவது. பதிவாளர் அலுவலகத்தில் எந்தக் குமாஸ்தாவோ இதைக் கோப்பில் சேர்த்து முத்திரை குத்தியிருக்க வேண்டும். போதையை இறக்க ஓடி, ஓடிய தாகத்துக்கு மறுபடி குடிப்பதில் என்ன கணக்கு என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நாலாவது நோக்கத்தை மட்டும் எந்தப் பூங்கா நடைப்பயிற்சிச் சங்கமும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

கோலாலம்பூரைத் தாண்டி

20 வருடத்துக்கு மேல் இது ஏறக்குறைய ஒரே ஊர் விவகாரமாகத்தான் இருந்தது. 1962இல் கோலாலம்பூரில் ஓடிப் பழகிய இயன் கம்மிங் என்பவர் சிங்கப்பூரில் ஒரு கிளப்பைத் தொடங்கினார். அதன்பிறகு நிற்கவில்லை. புரூணை, கூச்சிங், பினாங்கு என்று பக்கத்து ஊர்களில் தொற்றியது. மலாயாவில் வேலை பார்த்துவிட்டு வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போன பொறியாளரும் வங்கி அதிகாரியும் ராணுவத்தானும் போன இடத்திலெல்லாம் ஒரு பை காகிதத்தோடு திங்கட்கிழமையை ஆரம்பித்தார்கள். தலைமை அலுவலகம் கிடையாது, உரிமக் கட்டணம் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேகமாகப் பரவியதற்கு அதுவே காரணம்.

1978இல் ஹாங்காங்கில் உலக ஹாஷ் கிளப்கள் முதல்முறையாக ஒன்றுகூடின. அடுத்த கூட்டம் 1980இல் கோலாலம்பூரில். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் இந்தத் திருவிழா நடந்துவந்தது. 1998இல், கிளப்பின் 60ஆவது வருடத்துக்கு, மறுபடி கோலாலம்பூர். 2002இல் நம் கோவாவிலும் நடந்தது. இன்று உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் கிளப்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அன்டார்க்டிக்காவில்கூட ஓடியிருக்கிறார்கள். அங்கே காகிதத்தை எப்படித் தேடினார்களோ!

காகிதம் குப்பையாகிறது என்று பல ஊர்களில் இப்போது மாவால் தடம் போடுகிறார்கள். கோலம்போல வட்டம், அம்புக்குறி. மழை பெய்தால் கரைந்துவிடும், எறும்பும் தின்னும். அதிலும் ஒரு வம்பு வந்தது. 2007இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்தத்தில் யாரோ வெள்ளைப் பொடி தூவிக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் அலறிவிட்டார்கள். விஷப்பொடியோ என்று கடையையே காலி செய்து, பாதுகாப்பு உடை போட்ட குழு வந்து இறங்கியது. பொடியைத் தூவியவர்கள் மாலை ஓட்டத்துக்குத் தடம் போட வந்த முயல்கள். பொடி, சமையலறை மைதா.

இத்தனை கிளப்களுக்கும் கோலாலம்பூர் கிளப்தான் 'தாய் ஹாஷ்'. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தாயின் வீட்டில் பெண்களுக்கு உறுப்பினர் இடம் கிடையாது. இன்றும் அது ஆண்கள் மட்டும் ஓடும் கிளப். பக்கத்தில் நிற்கும் சிலாங்கூர் கிளப்பின் 'லாங் பார்' கூட வெகுகாலம் பெண்களை உள்ளே விடாமல் பெயர் வாங்கியதுதான். அந்தப் பிரம்மச்சாரிகளின் பழக்கம் சட்டமாகவே இறுகிவிட்டது. பெண்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. 1970களில் 'ஹாரியட்ஸ்' என்ற பெயரில் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தங்களுக்கே கிளப் தொடங்கிவிட்டார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கிளப்கள், பிள்ளைகளையும் அழைத்துவரும் குடும்பக் கிளப்கள் என்று உலகத்தில் பெரும்பான்மை இப்போது வேறு பக்கம் போய்விட்டது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 1938இல் துரைமார் மட்டும் ஓடிய கூட்டத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல உள்ளூர்க்காரர்கள் சேர்ந்தார்கள். இன்று மலேசியாவின் ஹாஷ் கிளப்களில் சீனர்களும் இந்தியர்களும் நிறைய. முயலாகப் போய்த் தடம் போடுகிறவர் பெயரில் முத்துவோ சுப்ரமணியமோ இருந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தாத்தா பால் வெட்டிய தோட்டத்தில் பேரன் காகிதம் போடுகிறான்.

தோட்டம் இருந்தால்தானே. பங்சார் என்ற பெயரே பழைய ரப்பர் தோட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. இப்போது அங்கே காப்பிக் கடைகளும் அடுக்குமாடிகளும். பெட்டாலிங் ஜெயா 1950களில் ஒரு தோட்டத்தை அழித்து எழுந்த நகரம். லயங்களில் இருந்தவர்கள் எங்கெங்கோ போனார்கள். புக்கிட் கியாராவில் மட்டும் கொஞ்சம் பழைய வாசனை மிச்சம் இருக்கிறது. ஒருகாலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த குன்று அது. இன்று நடப்பவர்களும் ஓடுபவர்களும் மிதிவண்டிக்காரர்களும் போகும் பசுமைக் காடு. செடிகொடிக்கு நடுவே பழைய பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. சிலவற்றின் பட்டையில் கத்தி போட்ட தழும்பைக் கையால் தடவிப் பார்க்கலாம். மெர்டேக்கா சதுக்கத்திலிருந்து காரில் அரைமணி நேரம், நெரிசல் இல்லாவிட்டால். பேருந்தில் கூட்டமாகப் போகும் சுற்றுலாக்காரர்களின் பட்டியலில் இந்த இடம் இருக்காது. காலை 7 மணிக்கு முன்னால் போவது நல்லது. வெயில் ஏறினால் புழுக்கம் தாங்காது. மழைக்குப் பிறகு அட்டைகள் இருக்கும், சாக்ஸை மேலே இழுத்து விட்டுக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கும் இந்தக் கதையில் இரண்டு இடங்கள் உண்டு. கிஸ்பர்ட் விழுந்த டெய்ரி ஃபார்ம் இப்போது இயற்கைப் பூங்கா. நிழலான நடைபாதைகள், குரங்குகள், ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு வரும் குடும்பங்கள். வடக்கே கிராஞ்சியில் போர் நினைவிடம். புல்வெளியில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். குன்றின் உச்சியில் நீண்ட சுவர்களில் கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்கள், ஆயிரக்கணக்கில். அவற்றில் ஒன்று கிஸ்பர்ட். அதே சுவர்களில் இந்தியப் படைவீரர்களின் பெயர்களும் நிறைய. நின்று படித்தால் நமக்குப் பழக்கமான பெயர்கள் கண்ணில் படும். பல நாட்டு ஹாஷ்காரர்கள் அங்கே வந்து கிஸ்பர்ட்டின் பெயரைத் தேடிப் பிடித்து நின்றுவிட்டுப் போகிறார்கள்.

கோலாலம்பூரில் தாய் ஹாஷ் இன்னும் திங்கட்கிழமைதான் ஓடுகிறது, மாலை 6 மணிக்கு. ஓட்டங்களின் எண்ணிக்கை மூவாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. வாராவாரம் இடம் மாறும். ஊர் விரிய விரிய, முயல்கள் இன்னும் வெட்டப்படாத காட்டையும் செம்பனைத் தோட்டத்தையும் தேடி அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. ஆபீஸ் முடிந்து நெரிசலில் ஊர்ந்து வந்த கார்கள் சாலையோரத்தில் வரிசையாக நிற்கும். டை கட்டியவர் கார்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அரைக்கால் சட்டைக்கு மாறுவார். எழுபது வயதுக்காரர் ஒருவர் குனிந்து ஷூ நாடாவை இரண்டாவது முடிச்சுப் போடுவார். யாரோ கொம்பு ஊதுவார்கள். கூட்டம் மரங்களுக்குள் நுழையும்.

ஏழரைக்கெல்லாம் இருட்டிவிடும். முதலில் வந்தவர்கள் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். காட்டுக்குள் எங்கேயோ டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வரும். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று ஒருவர் கையில் பட்டியலோடு எண்ணிக்கொண்டிருப்பார். இன்னும் ஒரு ஆள் குறைகிறது. 'ஆன் ஆன்!' என்று காட்டைப் பார்த்து ஒருமுறை கத்துவார்கள். கொஞ்சம் பொறுத்து, தூரத்திலிருந்து மூச்சு வாங்கியபடி ஒரு பதில் குரல் வரும்.